நாலாவது உத்தரம்

எங்களைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே கரையான் என்றுதான் ஆரம்பிப்பார்கள். "மரத்துல கரையான் வந்துடுச்சுங்க." மண் தெரியுதா என்று கேட்பேன். மண் இல்லை, மாவு மாதிரி கொட்டுது என்பார்கள். அப்படியானால் அது கரையான் இல்லை, வண்டு. கரையானாவது மண்ணில் பாதை போட்டு, இதோ வருகிறேன் என்று காட்டிக்கொண்டு வரும். இந்த வண்டு சரியான ஊமைக்குசும்பு. தாய் வண்டு மரத்து வெடிப்பில் முட்டையை வைத்துவிட்டுச் செத்துப்போகும். புழு உள்ளே போய் மூன்று வருஷம், ஐந்து வருஷம், சிலசமயம் பத்து வருஷம் தின்றுகொண்டே கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைசியில் இறக்கை முளைத்து, ஓட்டை போட்டு வெளியே வரும். வீட்டுக்காரர் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, ஐயோ வண்டு உள்ளே போய்விட்டதே என்று பதறுவார். அது வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப்போன வாசல் என்று சொன்னால் நம்பமாட்டார்.

இதெல்லாம் எனக்கு என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. வீட்டு மரங்களில் வண்டு பார்ப்பதும் மருந்து அடிப்பதும் அவருடைய தொழில். ஓட்டைகளில் சிரிஞ்சு வைத்து மருந்து ஏற்றுவதால் எல்லோரும் 'வண்டு டாக்டர்' என்பார்கள். அந்தக் கணக்கில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் 'டாக்டரம்மா' ஆகிவிட்டேன். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, சொல்லப்போனால் பிடித்தும்விட்டது.

வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டாக்டருக்குக் காது கேட்காது. இருபத்தைந்து வருஷம் மருந்து அடிக்கிற மோட்டாரைத் தோளுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினால் காது என்ன செய்யும்? இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் கத்தினால் பாதி விழும். வாயசைவைப் பார்த்தே சமாளித்துக்கொள்வார். புரியாத இடத்தில் சிரித்துத் தலையாட்டுவார். வாடிக்கையாளர்கள், எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று என்னிடம் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதி வேலை காதுக்குத்தான். உத்தரத்தைச் சின்னச் சுத்தியலால் முனையிலிருந்து முனை வரை தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல கட்டை 'ணங்' என்னும். உளுத்த கட்டை 'பொத்' என்னும். 'பொத்' என்ற இடத்தில் குத்தூசியை அழுத்தினால் வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போகும். கண்ட இடத்திலெல்லாம் குத்திப் பார்க்க வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் எங்கே குத்துவது என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

அவர் காது மங்கத் தொடங்கியபோது நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் ஏணியில் நின்று தட்டுவார். நான் ஏணியைப் பிடிப்பதுபோல் கீழே நிற்பேன். 'பொத்' என்று கேட்டால் அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துவேன். அந்த இடத்தில் குத்துவார். 'ணங்' என்றால் சும்மா இருப்பேன், அவர் நகர்ந்துவிடுவார். ஆறு வருஷம் இப்படியே ஓட்டினோம். ஒரு வீட்டில்கூடத் தவறியதில்லை. நான் சும்மா இருந்தால் கட்டை நல்லது என்று அர்த்தம். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்த அறிவாளி நான்தான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். அறுபது வயதை நெருங்குகிற விதவை. இரண்டு மாடி பழைய வீடு. கீழே முன்னறையில் இரண்டு மெஷின், வெட்டுகிற மேஜை, சுவர் முழுக்க ஹேங்கரில் முடிந்த துணிகள். அந்த அறையின் கூரைதான் மேல் அறைக்குத் தரை. ஐந்து உத்தரங்கள், அவற்றின்மேல் பலகை. எல்லாம் பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கிடந்தது.

"வெள்ளைத் துணி தைக்கவே முடியலை தங்கச்சி. பத்து நிமிஷம் அந்தப் பக்கம் போயிட்டு வந்தா மஞ்சளா மாவு படிஞ்சிருக்கு. தட்டித் தட்டியே எனக்குக் கை விட்டுப்போச்சு" என்றார்.

"எந்த இடத்துல கொட்டுதுன்னு தெரியுமாக்கா?"

"எங்க கிடக்க விட்டேன் தெரிஞ்சுக்க? உடனே கூட்டிடுவேன். குப்பை கிடந்தா எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது."

தரையில் ஒரு பொட்டு தூசி இல்லை. அந்த அம்மாவின் சுத்தத்தை நினைத்தால் இப்போதும் அடிவயிறு எரிகிறது. மாவு கிடந்தால், எந்த உத்தரத்துக்கு நேர் கீழே கிடக்கிறது என்று பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். மாவின் நயத்தை விரலில் தேய்த்துப் பார்த்தால் சின்ன வண்டா பெரிய வண்டா என்றும் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, மாவு கொட்டுகிறது என்றால்?

என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறினார். முதல் உத்தரம் 'ணங்'. இரண்டாவதில் சுவரோரமாகக் குண்டூசித் தலை அளவுக்கு நிறைய ஓட்டைகள், உள்ளே வெளிறிப் புதிதாக இருந்தன. சுத்தியல் பட்டதும் 'பொத்' என்றது. அழுத்தினேன், குத்தினார். ஊசி இரண்டு விரல் ஆழம் போயிற்று.

"பாத்து தம்பி, போன வருஷம்தான் வார்னிஷ் அடிச்சேன்" என்றார் தையல்காரம்மா. என் வீட்டுக்காரர் காதில் அது விழவில்லை. வாயசைவைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

மூன்றாவது நன்றாக இருந்தது. ஏணியை நகர்த்தும்போது அந்த அம்மா என்னிடம், "இந்த ஓட்டையெல்லாம் பழசா புதுசான்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார். பழைய ஓட்டையின் உள்பக்கம் கறுத்திருக்கும், புதியது அப்போதுதான் அறுத்த மரத்தின் நிறத்தில் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் என்ன பேசுகிறோம் என்று புரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். "அவகிட்ட என்னம்மா கேக்குறீங்க? அவளுக்கு என்ன தெரியும்? ஏணி புடிக்கிறதுக்குக் கூட்டிட்டு வந்தேன். சந்தேகம் இருந்தா என்கிட்ட கேளுங்க" என்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. வாசலில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரம்மா சங்கடமாகச் சிரித்தார்.

என் முகம் எரிந்தது. ஆறு வருஷமாக யார் காதை வைத்துப் பிழைக்கிறாய்யா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் தொழில் அன்றோடு போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. நான் கேட்கவில்லை. எனக்கு ரொம்பக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா அடித்தால் இரண்டு நாள் வாயைத் திறக்கமாட்டேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், அது எனக்கு இனிக்கும்.

நாலாவது உத்தரம் பெரிய தையல் மெஷினுக்கு நேர் மேலே ஓடியது. அவர் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங். நடுவில் வந்ததும் பொத். இன்னொரு தட்டு, பொத். மூன்றடி தூரத்துக்கு அதே சத்தம். மெஷினுக்கு அந்தப் பக்கம் போனதும் மறுபடி ணங்.

என் கை ஏணிப் படியில் இருந்தது. அவர் கணுக்கால் ஓர் அங்குலத்தில் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

பொய் சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை அப்படியே சொல்கிறேன். ஏணி பிடிக்க வந்தவள்தானே, பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீயே கண்டுபிடி, டாக்டர்தானே நீ. யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அந்த அம்மாவை நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும், 'நாலாவதைக் கோட்டை விட்டியே, ஏணி புடிக்கிறவ சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?' என்று கேட்டு அவர் மூஞ்சி தொங்குவதைப் பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வியாழக்கிழமை மருந்து அடிக்க எப்படியும் திரும்பி வரப்போகிறோம், அன்றைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று சமாதானமும் வைத்திருந்தேன்.

அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது மட்டும்தாம்மா. வியாழக்கிழமை வந்து வார்னிஷைச் சுரண்டி, மருந்து அடிச்சு, ஊசி போட்டு, அந்தக் கோடிக்குப் புதுக் கட்டை சேத்துடறேன். மத்த நாலும் கல்லு."

தையல்காரம்மாவுக்குப் போன உயிர் வந்தது. "சனிக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க குடி வராங்க தம்பி. மேல் ரூம்லதான் இருக்கப்போறாங்க. இரும்பு பீரோ, கட்டில் எல்லாம் இருக்கு. தாங்குமா?" இதைக் கையால் பீரோ அளவைக் காட்டிக் கேட்டதால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"யானையைக் கொண்டாந்து கட்டுங்க" என்றார்.

அந்த அம்மா சிரித்தபடி டீ போடப் போனார். நானும் வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, தலைவலியா?" என்றார். செய்தது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. வேண்டுமென்று அவமானப்படுத்தியிருந்தாலாவது சண்டை போடலாம், மறந்தே போனவரிடம் என்ன செய்வது? தலைவலிதான் என்று ஜாடை காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் அவர் புதுக் கட்டை வாங்கப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, ஒரு பையை என் மடியில் போட்டார். ரப்பர் கையுறை. மருந்து கலக்கும்போது அவருடைய பெரிய கையுறை கழன்று கழன்று என் விரல் எல்லாம் வெந்துபோகும். "சின்ன சைஸ் எங்கயும் இல்லை. நாலு கடை ஏறி இறங்கினேன்" என்றார். போட்டுப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "உன் கை இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் எல்லாம் போய், நேற்று செய்தது மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அப்புறம், இப்படி ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வந்த மனுஷனிடம், உன்னைத் தோற்கடிக்கவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சாப்பிட்டதும் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். சாப்பிட்டதும் அவர் கண்ணயர்ந்துவிட்டார்.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் போனையும் நான்தான் எடுப்பேன்.

"தங்கச்சி, நான்தான். லாரிக்காரன் சனிக்கிழமை வரமுடியாதாம். மாப்பிள்ளை இன்னைக்கே ஏத்திட்டு வந்துட்டார், வாசல்ல நிக்குது. மேல ஏத்திடலாமில்ல? எதுக்கும் டாக்டர் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பண்ணினேன்."

பாருங்கள், அந்த அம்மா கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"இன்னைக்கு ஏத்தாதீங்கக்கா."

"ஏம்மா, ஏதாவது பயமா?"

'நாலாவது உத்தரம் உளுத்திருக்கு.' இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். டாக்டர் கல்லு என்றாரே என்று கேட்பார். அவர் காது விஷயம் வெளியே வரும். என் விஷயம் அதற்கு முன்னாலேயே வெளியே வரும். என் வாயிலிருந்து வந்தது இது: "இல்லக்கா, நாளைக்கு மருந்து அடிக்கணுமில்ல. வாடை மேல ஏறும். சாமான்ல எல்லாம் படிஞ்சிடும்."

"அட, அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். துணி போட்டு மூடிக்கலாம்மா. சாமானைத் தெருவுலயா வெச்சுக்க முடியும்?"

"அக்கா, ஒரு நிமிஷம்…"

"லாரிக்காரன் கத்துறான், அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார்.

திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை போட்டும் எடுக்கவில்லை. பையிலிருந்து குத்தூசியை எடுத்துக்கொண்டேன், அதை எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரை எழுப்பக்கூட இல்லாமல் ஓடினேன். பஸ் அன்றைக்கென்று மாட்டு வண்டி மாதிரி போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

தெருமுனை திரும்பும்போதே வாசலில் கூட்டம் தெரிந்தது. லாரி காலியாக நின்றது. முன்னறை ஜன்னல் வழியாகத் தூசி வந்துகொண்டிருந்தது.

உள்ளே கூரையின் நடுப்பகுதி தொங்கியது. நாலாவது உத்தரம் இரண்டாக உடைந்து பலகைகளோடு கீழே வந்திருந்தது. பீரோ குப்புற விழுந்து மெஷின்மேல் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மாவை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு பலகைமேல் கிடத்தியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. தலைமுடியெல்லாம் மஞ்சள் மாவு. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மாவை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பீரோவை மேலே நகர்த்தும்போது மாவு கொட்டியிருக்கிறது. தைத்து வைத்த வெள்ளைச் சட்டைகள் அழுக்காகிவிடும் என்று எடுக்க ஓடியிருக்கிறார். அப்போதுதான் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால்வரை சமையலறையில்தான் இருந்தாராம்.

நான் உடைந்த கட்டையைப் பார்த்தேன். வெளியே தகடு கனத்துக்கு மரம், அதன்மேல் வார்னிஷ். உள்ளே முழுக்க மாவு. சுண்டுவிரல் நுழைகிற அகலத்தில் இரண்டு நீள்வட்ட ஓட்டைகள், இரண்டையும் மக்கு வைத்து அடைத்து வார்னிஷ் பூசியிருந்தார்கள். கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. காதுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறது என்றார்கள். ராத்திரியே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர், நிஜ டாக்டர், மகளிடம் சொன்னார். அதிகாலையில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நான் எழுதி வைத்துவிட்டு வரவில்லை, யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற வழியில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுக் கட்டை இருந்தது.

"பெரிய வண்டு. எட்டு வருஷமாவது தின்னிருக்கும்" என்று என்னிடம் சொன்னார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவை குத்திப் பாத்திருந்தா போதும். ஏன் குத்தாம விட்டேன்? வார்னிஷ் போகுமேன்னா?" பிறகு, "உனக்கே கேக்கலைன்னா அது யாருக்கும் கேட்டிருக்காது. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

என்னைத் தேற்றினார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா?

வராந்தாவில் எதிர் பெஞ்சில் மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அவள் ஒரு கோடி, அவன் ஒரு கோடி. அவன் முப்பது வயதுகூட நிரம்பாதவன், முழங்கையில் கட்டு. பீரோவோடு அவனும் பாதி விழுந்திருக்கிறான்.

அவள் அவனைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வேணாம்னு சொன்னாங்க. அம்மா போனை வெச்சுட்டு உன்கிட்ட வந்து சொன்னாங்களா இல்லையா, இன்னைக்கு ஏத்தவேணாம்னு சொல்றாங்கன்னு? நீதான் அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே."

"லாரியைத் திருப்பி அனுப்ப முடியாதே, நான் என்ன செய்ய? யானையைக் கட்டலாம்னு அவர்தானே சொன்னாராம்."

"அவங்க ஒருத்தர்தான் நல்லதா ஒரு வார்த்தை சொன்னாங்க. அதைக் கேட்டிருந்தா எங்கம்மா நடந்துக்கிட்டு இருப்பாங்க. இனிமே உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்க ஆன்ட்டி. ஓடியும் வந்தீங்க" என்றாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு எங்காவது ஓடிவிடவேண்டும் போல் இருந்தது. அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"என்னங்க," என்றேன், "எனக்குக் கேட்டுச்சு."

மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு மட்டும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

"நாலாவது உத்தரம். எனக்குக் கேட்டுச்சு."

"என்ன?" வலது காதைக் கொண்டுவந்தார். காதைக் கொடுத்தால் வாயைப் பார்க்க முடியாது, வாயைப் பார்த்தால் நான் அழுததில் உதடு கோணிப் போயிருந்தது. "சத்தமா சொல்லு. இங்க ஒரே இரைச்சல்."

வராந்தாவில் ஒரு இரைச்சலும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. வெளியாட்கள் இருக்கிற இடத்தில் எப்போதும் இப்படித்தான் சொல்வார்.

எழுதிக் காட்டலாமே என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமே என்றும் தோன்றியது. எதிரே அந்தப் பையன் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாழ்நாள் முழுக்க இந்தப் பழி.

நான் எழுந்து நின்றேன். கூரைமேல் மோட்டார் ஓடும்போது கீழேயிருந்து அவரைக் கூப்பிடுவேனே, அந்தக் குரலில் கத்தினேன்.

"நாலாவது உத்தரம் பொத்துன்னு எனக்குக் கேட்டுச்சுங்க! செவ்வாய்க்கிழமையே கேட்டுச்சு! ஏணி புடிக்க வந்தவன்னு சொன்னீங்கல்ல, அந்தக் கோபத்துல நான் உங்க காலை அழுத்தலை! போன்லயும் மருந்து வாடைன்னு பொய்தான் சொன்னேன்! அந்தப் பையன்மேல தப்பே இல்லை!"

வராந்தா முழுக்கத் திரும்பியது. கோடியில் யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். இந்தத் தடவை என் வீட்டுக்காரருக்குக் கேட்டிருந்தது. கையிலிருந்த கட்டைத் துண்டை மெல்ல பெஞ்சில் வைத்தார்.

மகள் எங்கள் முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"உங்களுக்குக் காது கேக்காதா?"

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டிவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தேன்.

"கேக்காதும்மா" என்றார்.

"காது கேக்காத ஆளா எங்க வீட்டுல தட்டிப் பாத்தது?"

"ஆமாம்மா."

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கணவன் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான். அவள் அவன் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

அதற்குள் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "யாரது இங்க சத்தம் போடறது? அந்தத் தையல்காரம்மாவோட ஆளுங்க யாரு? முழிச்சுட்டாங்க. காலை யாரோ கட்டி வெச்சிருக்காங்க, அவுத்து விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வீட்டாளுங்க யாராவது வந்து பக்குவமா சொல்லுங்க."

மகள் கதவை நோக்கி இரண்டடி வைத்தாள். அப்புறம் நின்றாள். திரும்பி என்னிடம் வந்தாள்.

"நீங்க வாங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனேன்.